வண்டியோடு வந்த வானொலியும் வாங்கிப் பொருத்தும் வானொலியும்

யப்பானில் ஓடிய பின்னர் கப்பலேறி இலங்கை வந்து சேரும் மோட்டார் வண்டிகள் பலவற்றிற்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. இயந்திரம் செவ்வனே இயங்கும். குளிரூட்டி குளிரைத் தரும். இருக்கைத் துணியிற் சுருக்கமும் இராது. ஆயினும் வானொலியைத் திறந்து, பண்பலை வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினால், உள்ளூர் நிலையங்களுள் ஒன்றோ இரண்டோ மாத்திரம் கேட்கும். எஞ்சியவை யாவும் ஊமையாகிவிடும். பெட்டி பழுதாகிவிட்டதென எண்ணி அதனைக் கழற்றி ஒதுக்கியவர்களும் உளர். உண்மையில் அப்பெட்டியிற் பழுது எதுவுமில்லை. யப்பானிய நிலையங்களைக் கேட்பதற்கெனச் செய்யப்பட்ட பெட்டி தன் கடமையை இன்றும் தவறாது செய்கின்றது. வண்டி ஓடும் நாடுதான் மாறிவிட்டது.

வானொலி அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்பதை மீடிறன் என்பர். பண்பலை ஒலிபரப்புக்கென இலங்கையிலும் உலகின் மிகப் பல நாடுகளிலும் ஒதுக்கப்பட்ட வரிசை 87.5 மெகாஹேட்ஸ் தொடக்கம் 108 மெகாஹேட்ஸ் வரை உள்ளது. யப்பானிலோ அது 76 தொடக்கம் 90 வரையாக இருந்தது. அந்நாட்டில் 90க்கும் 108க்கும் இடைப்பட்ட இடத்தைத் தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகளும் பிடித்திருந்தமையே இதற்குக் காரணம். பழைய முறைத் தொலைக்காட்சி ஒலிபரப்பு 2011ஆம் ஆண்டில் அங்கு பெரும்பாலும் முடிவுற்றது. அதன் பின்னரே 90 முதல் 95 வரையுள்ள பகுதி வானொலிக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்னர் வெளிவந்த வண்டிகளின் பெட்டிகள் பொதுவாக 90ஓடு நின்றுவிடும். ஆகவே இரு நாட்டு வரிசைகளும் ஒன்றன்மேலொன்று படிவது 87.5 முதல் 90 வரையுள்ள சிறு துண்டில் மாத்திரமே. அத்துண்டில் எத்தனை நிலையங்கள் உள்ளனவோ அத்தனையே அவ்வண்டியிற் கேட்கும்.

இக்குறைக்குச் சிறு மருந்தொன்று கடைகளிற் கிடைக்கின்றது. தீப்பெட்டியை ஒத்த சிறு கருவியொன்றை வான்கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே செருகிவிடுவர். அக்கருவி தன்னுள்ளே ஓர் அலையைத் தானே தோற்றுவித்து, வரும் அலையோடு கலந்து, வருவதன் மீடிறனைக் குறைத்து அனுப்பும். 12 மெகாஹேட்ஸ் குறைக்கும் கருவியாயின் 98இல் ஒலிபரப்பாகும் நிலையம் பெட்டியில் 86 என்ற இடத்திற் கேட்கும். வேலை எளிது, செலவும் அற்பம். ஆனால் 14 மெகாஹேட்ஸ் அகலமுள்ள வாசலினூடாக 20 மெகாஹேட்ஸ் அகலமுள்ள வரிசையை நுழைக்க முடியாது. 12 குறைக்கும் கருவி 102 வரையுள்ள நிலையங்களைக் கொண்டுவரும்; அதற்கு மேலுள்ளவை வெளியே நின்றுவிடும். 18 குறைக்கும் கருவியைப் பூட்டினால் மேலுள்ளவை வரும்; 94க்குக் கீழுள்ளவை போய்விடும். அன்றியும், வலுவான நிலையமொன்று அருகிலிருப்பின் அதன் அலை நேராகவும் மாற்றப்பட்டும் இரண்டு வழிகளில் நுழைந்து மற்றொரு நிலையத்தின்மேல் ஏறிக்கொள்ளும். கண்ணாடியிற் காட்டும் எண்ணும் பொய்யெண். ஊன்றுகோலாகச் சில காலம் உதவும் என்பதற்கு மேலாக இக்கருவியைப் பற்றிப் புகழ்ந்து கூறுவதற்கில்லை.

எனவேதான் வண்டியோடு வந்த பெட்டியை அகற்றி வேறொன்றைப் பொருத்தும் எண்ணம் எழுகின்றது. அதற்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. தனியார் வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் புதிய வண்டி வாங்க இயலாதோர் இருந்த வண்டியையே பேணவும் அழகுபடுத்தவும் தலைப்பட்டனர். வண்டிக்குள் மாற்றுவதற்கு மிக எளிதானது வானொலிப் பெட்டிதான் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை பாதி உண்மை. பெட்டி எளிது, அதன் பின்னாலிருக்கும் கம்பிகள் எளிதல்ல.

பின்னர் வாங்கிப் பொருத்துவது புதிய நாகரிகமென எண்ணுவதும் பிழை. மோட்டார் வண்டி வானொலியின் சரித்திரமே அவ்வாறுதான் தொடங்கியது. 1930ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரைச் சேர்ந்த போல் கல்வின் என்பவர், தம் தொழிலகத்தில் ஆக்கிய வானொலியைத் தம் சொந்த வண்டியிற் பொருத்தி, அத்திலாந்திக் சிற்றி நகரில் நடைபெற்ற வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார். 'மோட்டரோலா' என்ற பெயர் அதற்கே முதலில் இடப்பட்டது. பின்னர் அது தொழிலகத்தின் பெயராகவும் ஆயிற்று. அன்றைய வானொலி ஒரே பெட்டியாக இருக்கவில்லை. வாங்கி ஓரிடத்தில், ஒலிபெருக்கி வேறோரிடத்தில், அதற்கென வேண்டிய தனி மின்கலவடுக்குகள் வண்டியின் தளத்தின் கீழ் என்று பிரிந்து கிடந்தன. இயந்திரத்தின் தீப்பொறிச் செருகிகள் ஒவ்வொரு முறை பொறி எழுப்பும்போதும் வானொலி இரைந்தது. அதனை அடக்கச் செருகிகளிலே தனித் தடைகளைப் பொருத்த வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் 1932ஆம் ஆண்டில் ஜேர்மனியின் புளோபுங் நிறுவனம் தன் வண்டி வானொலியை வெளியிட்டது. தொழிற்சாலையிலேயே வானொலி பொருத்தப்பட்டு வண்டி வெளிவருவது பின்னரே வழக்கமாயிற்று. அந்நாளைய வேலையாளரைத் துன்புறுத்திய அதே மூன்று சங்கடங்கள், அதாவது மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது, இரைச்சலை எவ்வாறு தடுப்பது, ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்பன, இன்று பெட்டி மாற்றுவோரையும் விட்டபாடில்லை.

கொழும்பிற் பஞ்சிகாவத்தைப் பகுதிக்கோ வேறொரு நகரின் உதிரிப்பாகக் கடைக்கோ செல்பவர் முதலிற் காண்பது திரைகளை. பெரிய திரை, மின்னும் வண்ணம், கைத்தொலைபேசியோடு இணையும் வசதி ஆகியவையே கண்ணைக் கவர்கின்றன. ஆனால் கடைக்குள் நுழையுமுன் தமது வண்டியிற் குறைவது யாதென ஒருவர் தெளிந்துகொள்வது நன்று. நிலையங்கள் கேளாமையா? அதற்குப் பெட்டியை மாற்றவேண்டும். நிலையம் கேட்டும் சொற்கள் தெளியாமையா? அப்பொழுது மாற்றவேண்டியது ஒலிபெருக்கியை. தெளிவாகக் கேட்டும் வீதியின் இரைச்சலுக்கு மேலாக எழாமையா? அதற்கே அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கி தேவைப்படும். சொற்கள் தெளியவில்லையெனக் குறைப்படுபவர் திரை வாங்கித் திரும்பினால், தெளியாத சொற்களை மேலும் உரத்துக் கேட்பதன்றி வேறு பயன் காணார்.

பெட்டியின் அளவைப் பொறுத்தவரையில் உலகம் ஓரளவு ஒற்றுமை கண்டுள்ளது. ஜேர்மனிய நியமத்திலிருந்து பிறந்து, ஐ.எஸ்.ஓ. 7736 எனச் சருவதேச நியமமாகிய அளவின்படி பெட்டியின் முகம் 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உடையது. யப்பானியர் அதன் உயரத்தை இரட்டித்து 100 மில்லிமீற்றர் ஆக்கினர். டொயோட்டா வண்டிகளிலோ வாசல் 200 மில்லிமீற்றர் அகலமாதலால், இரு பக்கங்களிலும் மெல்லிய இட்டுநிரப்பிகள் வைக்கவேண்டும். இவற்றில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை. அஞ்சவேண்டிய இடம் மற்றொன்று. சில யப்பானியப் பெட்டிகள் மின்கலவடுக்கு கழற்றப்பட்டவுடன் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டு, வரைபட அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்கும். பழைய பெட்டியை மீண்டும் பொருத்த நேரிடுமென எண்ணுவோர் அவ்விரண்டையும் கைவசம் வைத்துக்கொள்ளாமற் கழற்றுதல் ஆகாது.

புதிய பெட்டியைப் பொருத்திய பின்னர், 'முன்பு கேட்ட நிலையமும் இப்போது கேட்கவில்லை' என முறையிடுவோர் பலர். இவர்களுட் பெரும்பாலோருடைய வண்டிகளில் வான்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிராது. பின்கண்ணாடியின்மேல் மெல்லிய கோடுகளாக வரையப்பட்டிருக்கும். அக்கோடுகள் பிடிக்கும் அலை வலுக்குறைந்தது. அதனை வலுப்படுத்தும் சிறு விரியலாக்கியொன்று கண்ணாடியின் ஓரத்தில் மறைந்திருக்கும். பழைய பெட்டி அதற்கு மின்சாரம் ஊட்டி வந்தது. புதிய பெட்டியின் நீலக் கம்பி அதற்காகவே வைக்கப்பட்டது. வேலையாளர் அதனை வேண்டாத கம்பியெனச் சுருட்டிக் கட்டிவிட்டால் வான்கம்பி செவிடாகும். ஐக்கிய அமெரிக்காவுக்கெனச் செய்யப்பட்ட பெட்டியாயின் இன்னொரு சங்கடம் உண்டு. அங்கு நிலையங்கள் 0.2 மெகாஹேட்ஸ் இடைவெளியில், ஒற்றைத் தசமங்களிலே நிற்பன. பெட்டியும் 98.1, 98.3 என்று தாண்டித் தாண்டிச் செல்லும்; 98.2இல் ஒரு நிலையம் இருந்தால் அதனைத் தொடாது போகும். பெட்டியின் அமைப்புப் பட்டியலிற் பிரதேசத்தை மாற்றிவிட்டாற் போதும்; இதற்கெனக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

கம்பிகளின் நிறங்களைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். வாங்கிப் பொருத்தும் பெட்டிகளில் மஞ்சள், எந்நேரமும் மின்னோட்டம் உள்ள கம்பி. பெட்டியின் நினைவைக் காப்பது அதுவே. சிவப்பு, சாவியைத் திருப்பும்போது மாத்திரம் உயிர்பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு இணைவது. ஒலிபெருக்கிகளுக்குச் செல்வன வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கு சோடிகள். ஆனால் இந்நிறங்கள் பெட்டியின் பக்கத்துக்கே உரியவை; வண்டியின் பக்கத்திலிருந்து வரும் கம்பிகள் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி நிறமுடையன. மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு என்று கண்ணை நம்பி முறுக்கிவிடுபவர் நல்லூழ் உடையவராயின் ஓர் உருகியோடு தப்புவர். ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்ற இடைச்செருகி கடைகளிற் கிடைக்கும்போது, வண்டியின் மூலச் செருகியை வெட்டி எறிவதற்கு நியாயமே இல்லை. வெட்டப்பட்ட இடத்திற் சுற்றும் ஒட்டுநாடா இந்நாட்டு வெப்பத்தில் ஓரிரு வருடங்களிற் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளை வைத்திருப்போர் இதிலும் கூடிய கவனம் கொள்ளவேண்டும். 1960களின் நடுப்பகுதிவரை வெளிவந்த அத்தகைய வண்டிகள் பலவற்றில் மின்கலவடுக்கின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய பெட்டிகள் யாவும் எதிர்முனை உடலோடு இணைந்திருக்குமென எதிர்பார்ப்பவை. அவற்றின் உலோகக் கூடே எதிர்முனை. அத்தகைய பெட்டியை மொறிஸ் மைனரின் முகப்பிலே திருகிய கணத்தில், கூட்டின் வழியே குறுக்குச்சுற்று உண்டாகிப் புகை எழும். வண்டியின் முனைகளை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு டைனமோவின் காந்தமுனையையும் மாற்றிப் பதியவேண்டும், பொறிச்சுருளின் இணைப்புகளையும் இடம்மாற்றவேண்டும். அனுபவமுள்ள கராஜ் ஒன்றில் இஃது அரைநாள் வேலை. இவ்வண்டிகளின் பழைய ஒலிபெருக்கிகளில் ஒரு கம்பி வண்டியின் உடலோடு இணைந்திருப்பதும் உண்டு. இன்றைய பெட்டியின் ஒலிபெருக்கிக் கம்பிகள் இரண்டுமே மின்னோட்டமுடையவை; அவற்றுள் ஒன்று உடலைத் தொட்டாற் பெட்டியின் விரியலாக்கி அழிந்துபோகும்.

இனி, பெட்டிகளின்மேல் அச்சிடப்படும் வாற்றுக் கணக்கு. 'நான்கு தரம் 50 வாற்று' என்ற எழுத்துக்களைக் காணாத பெட்டி அரிது. இந்த 50 எங்கிருந்து வந்தது? ஓடும் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். 14.4ஐ அதே எண்ணாற் பெருக்கி 4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52 வரும். அச்சிட்ட எண் இதுவே. ஆனால் முழு மின்னழுத்தமும் ஒரு கணமேனும் தணியாது ஒலிபெருக்கியின்மேல் நின்றாலன்றி இவ்வலு பிறவாது. அப்பொழுது கேட்பது இசையன்று, வெறும் கரகரப்பே. ஏறி இறங்கும் தூய ஒலியலைக்கு இதிற் பாதி, அதாவது 26 வாற்றே கணக்குப்படி கிடைக்கும். சுற்றின் இழப்புக்களும் கழிந்தபின் எஞ்சுவது 20 வாற்று அளவில். வண்டியோடு வந்த பெட்டியும் பெரும்பாலும் இதே அளவைத்தான் தந்துகொண்டிருந்தது. ஆகவே வாற்று எண்ணுக்காகப் பெட்டி மாற்றுபவர் அச்செழுத்துக்கு விலை கொடுக்கின்றாரேயன்றி ஒலிக்கு அன்று.

அதுவுமன்றி, வலு இருமடங்கானால் ஒலி இருமடங்காகத் தோன்றுவதுமில்லை. இருமடங்கு வலு 3 டெசிபெல் மாத்திரமே கூட்டும். கவனித்துக் கேட்பவர் 'சற்றே கூடியது' என்பர். ஒலி இருமடங்காயிற்றென்று காது ஒப்புக்கொள்ளப் பத்து மடங்கு வலு வேண்டும். மாறாக, ஒரே வாற்றுக்கு 88 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியை அகற்றி 91 டெசிபெல் தருவதைப் பொருத்தினால், மின்னோட்டம் சிறிதும் கூடாமலே இருமடங்கு வலுவின் பயன் கிட்டும். ஒலிபெருக்கியின் பெட்டியிற் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் இவ்வுணர்திறன் எண்ணை வாசிப்பவர் மிகச் சிலரே. பெரிய எழுத்திலுள்ள வாற்றையே யாவரும் வாசிக்கின்றனர்.

சொற்களின் தெளிவு ஒலிபெருக்கியைப் பொறுத்தது என முன்னர் கூறப்பட்டது. செய்தி வாசிப்பவரின் குரலில் உயிரெழுத்துக்கள் தாழ்ந்த மீடிறன்களில் உரத்து ஒலிப்பவை; க, ச, த, ப ஆகிய வல்லெழுத்துக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவன உயர்ந்த மீடிறன்களில் மெல்லியனவாக ஒலிப்பவை. வண்டியில் ஒலிபெருக்கி கதவின் அடிப்பாகத்தில், முழங்காலுக்கு நேரே இருக்கின்றது. உயர்ந்த மீடிறன் ஒலி டோர்ச்சு வெளிச்சம்போல் நேராகச் செல்வது. காலிலும் உடையிலும் பட்டு அங்கேயே அடங்கிவிடும். சக்கரமும் வீதியும் எழுப்பும் இரைச்சல் தாழ்ந்த ஒலியையும் மூடிவிடுகின்றது. எஞ்சுவது பேசுகின்றார் என்பது மாத்திரம் தெரியும், என்ன பேசுகின்றார் என்பது தெரியாத ஒரு முணுமுணுப்பு. கண்டி வீதியில் யாழ்ப்பாணம் நோக்கி விரையும் வண்டியிற் செய்தி கேட்க முயன்றவர்கள் இதனை அறிவர். முகப்பின் மேற்புறத்திலோ முன்கண்ணாடித் தூணிலோ உயரொலிக்கெனச் சிறிய ஒலிபெருக்கிச் சோடியொன்றைப் பொருத்தினால், ஒலியைக் கூட்டாமலே சொற்கள் விளங்கத் தொடங்கும். வண்டி ஒலியமைப்பிற் செலவுக்குத் தக்க பயன் இதனைப்போல் தருவது வேறொன்றில்லை எனலாம். தூண்களுக்குள்ளே பாதுகாப்புக் காற்றுப்பைகள் இருக்கும் வண்டிகளில் மாத்திரம், அவற்றின்மேலாகக் கம்பியோ கருவியோ வைத்தலாகாது. காற்றுப்பைகளின் செருகிகள் மஞ்சள் நிறமுடையன. அவற்றின் அருகில் வேலை செய்யுமுன் மின்கலவடுக்கைக் கழற்றி ஒன்றரை நிமிடமேனும் காத்திருத்தல் விதி.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கின்றது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த ஒலி அழிந்துவிடும். கதவிலுள்ள ஓட்டைகளை அடைத்து, ஒலிபெருக்கியைச் சுற்றி இடைவெளியின்றி இறுக்கினால், பழைய ஒலிபெருக்கியிலேகூட மத்தளத்தின் ஒலி புலனாகும். ஆனால் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்ரிக் விரிப்பைக் கிழித்துவிடல் ஆகாது. கண்ணாடி வழியே கதவினுள் இறங்கும் மழைநீரை வெளியே வடியச் செய்வது அதுவே. கிழிந்தாற் பருவமழைக் காலத்தில் வண்டியின் தளம் நனைந்து நாறும். கூம்பின் விளிம்பு நுரையினாலாயின் இவ்வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிரும். இறப்பர் விளிம்பு நீடிக்கும். ஒரு பக்க ஒலிபெருக்கியின் கம்பிகள் மாறிப்போனாலும் தாழ்ந்த ஒலி மறைந்துபோகும். 1.5 வோல்ற்று உலர்மின்கலமொன்றை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால், நேர்முனை சரியாயிருப்பின் கூம்பு வெளியே எழும்.

தனி விரியலாக்கி வாங்குவோரே பெரும் பொறுப்பை ஏற்பவர். 14.4 வோல்ற்றுக்கு மேலே எழமுடியாத தடையை அக்கருவி தன்னுள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தித் தாண்டுகின்றது. பழைய வால்வு வானொலிகளும் அதிரும் தகடொன்றின் உதவியால் இவ்வாறே செய்தன. ஆனால் உயர்த்திய வலு மின்கலவடுக்கிலிருந்தும் மின்பிறப்பாக்கியிலிருந்தும்தான் வரவேண்டும். 500 வாற்றுத் தரும் விரியலாக்கி, பாதியை வெப்பமாக இழப்பதாயின் 1000 வாற்றை உண்ணும். அதாவது ஏறக்குறைய 70 அம்பியர். மொறிஸ் மைனரின் டைனமோ தருவது ஏறக்குறைய 20 அம்பியர் என்பதை இதனோடு ஒப்பிடுக. இம்மின்னோட்டம் முன்னேயுள்ள மின்கலவடுக்கிலிருந்து பின்னேயுள்ள விரியலாக்கி வரை ஐந்து மீற்றர் ஓடவேண்டும். 20 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் இழப்பு 0.3 வோல்ற்று அளவில் அமையும். 4 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் 1.5 வோல்ற்று இழப்போடு, நூறு வாற்றுக்கும் மேற்பட்ட வெப்பம் அக்கம்பியினுள்ளேயே, கம்பளத்தின் கீழே பிறக்கும். மலிவான கம்பிகளிற் பல செப்பல்ல, செப்பு முலாம் பூசிய அலுமினியம். அவற்றின் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வேறு சிலவற்றில் மேலுறை மாத்திரமே தடிப்பு.

உருகியின் வேலை விரியலாக்கியைக் காப்பதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது கம்பியைக் காக்கவே வைக்கப்படுவது. ஆகையால் அது விரியலாக்கியின் அருகிலன்றி மின்கலவடுக்கின் அருகில், ஒன்றரை அடிக்குள் இருக்கவேண்டும். இயந்திர அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள இரும்புத் தகட்டின் துளையினூடாகக் கம்பி செல்கின்றது. அத்துளையில் இறப்பர் வளையம் இல்லையெனில், வண்டியின் ஒவ்வொரு குலுக்கத்திலும் தகட்டின் விளிம்பு மேலுறையைச் சிறிது சிறிதாக அரியும். ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து ஒருநாள் செம்பு இரும்பைத் தொடும். இயந்திரத்தைக் கிளப்புவதற்கென நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே மூச்சில் வழங்கவல்ல மின்கலவடுக்கு, அவ்வளவையும் அக்கம்பியினூடே செலுத்தும். உருகி முன்னே இருந்தால் ஒரு சிறு ஒளியோடு எல்லாம் முடிவுறும். அது பின்னே இருந்தால், தீப்பற்றுவது உருகிக்கு முன்னாலுள்ள கம்பி. உருகி முழுமையாகவே எஞ்சும். இறப்பர் வளையமும் உருகிக்கூடும் விரியலாக்கியின் விலையில் நூறிலொரு பங்கும் ஆகா.

பிரியஸ், அக்வா போன்ற கலப்பு வண்டிகளில் இக்கணக்கு இன்னும் நுட்பமானது. அவற்றின் 12 வோல்ற்று மின்கலவடுக்கு இயந்திரத்தைக் கிளப்புவதற்கென வைத்ததன்று. ஆதலால் அது சிறியது. வண்டி ஓடுவதற்கு ஆயத்தமான நிலையில் மாத்திரமே பெரிய மின்கலவடுக்கிலிருந்து அதற்கு மின்னேறும். வண்டியை நிறுத்தி வானொலியை மாத்திரம் திறந்துவைத்துப் பெரிய விரியலாக்கியை ஒலிக்கவிட்டால், சிறியது விரைவில் இறந்து, வண்டியே விழித்தெழ மறுக்கும். செம்மஞ்சள் உறையுள்ள கம்பிகள் பிரியஸ் வண்டியில் 201.6 வோல்ற்றையும் அக்வாவில் 144 வோல்ற்றையும் தாங்கிச் செல்பவை. ஒலிக்கம்பி இழுக்கும் வேலையாளர் அவற்றைத் தொடவும் கூடாது, அவற்றோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

அண்மைக் கால வண்டிகளிற் சிலவற்றில் வானொலிப் பெட்டி வானொலி மாத்திரமன்று. கதவு மூடாமையையும் பட்டி கட்டாமையையும் உணர்த்தும் ஒலி அதன் வழியாகவே வருகின்றது. பின்னோக்கிய படக்கருவியும் அதனோடு பேசுகின்றது. 1986ஆம் ஆண்டில் பொஷ் நிறுவனம் அறிமுகஞ்செய்த பொதுத் தொடர்பு முறையில், வண்டியின் பல கருவிகள் ஒரே கம்பிச் சோடியில் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அத்தகைய வண்டியிற் பெட்டியைக் கழற்றுவது சபையிலிருந்து ஓர் அங்கத்தவரை வெளியேற்றுவது போன்றது. எஞ்சியவை அவரைத் தேடிக்கொண்டேயிருக்கும். தக்க இடைமுகம் கிடைக்காவிடிற் பழைய பெட்டியை இருக்கவிட்டு, அதன் ஒலிபெருக்கிக் கம்பிகளிலிருந்தே விரியலாக்கிக்கு ஒலியை எடுத்தல் அறிவுடைமை.

திரையுள்ள பெட்டிகளில் மெல்லிய கம்பியொன்று கைத்தடையோடு இணைக்குமாறு விடப்பட்டிருக்கும். வண்டி நிற்கும்போது மாத்திரம் படம் காட்டுவதற்கான ஏற்பாடு அது. 'வசதிக்காக' என்று கூறி அதனை வண்டியின் உடலோடு நிரந்தரமாக இணைத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் செல்லும். திரையை இரண்டு செக்கன் நோக்குபவர் 33 மீற்றர் தூரம் வீதியைக் காணாமல் ஓட்டுகின்றார்.

வேலை முடிந்து, பணம் கொடுக்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் விட்டு, மின்கலவடுக்கிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தை அளவியால் அளப்பித்தல் வேண்டும். கடிகாரமும் பூட்டும் நினைவும் உண்பதற்கு 50 மில்லி அம்பியர் தாராளமாகப் போதும். மஞ்சளும் சிவப்பும் ஒரே கம்பியில் முறுக்கப்பட்டிருந்தால் பெட்டி உறங்காது. அளவி 250 மில்லி அம்பியரோ அதற்கு மேலோ காட்டும். 250 மில்லி அம்பியர் ஒரு நாளில் 6 அம்பியர் மணி. 40 அம்பியர் மணி கொண்ட மின்கலவடுக்கு ஐந்து நாட்களில் முக்காற்பங்கை இழக்கும். வெளியூர் சென்று ஒரு வாரம் கழித்துத் திரும்பும் உரிமையாளர், கிளம்ப மறுக்கும் வண்டியின் முன்னே நின்று, மின்கலவடுக்கு விற்ற கடைக்காரரையே கடிந்துகொள்வார்.